தேனில் தண்ணீர் சேர்ந்தால் என்ன ஆகிறது?

ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாற்றில் ஒரு ஸ்பூன் தேனை விட்டால் அது நேரே அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கலக்கினாலும் பாதி ஸ்பூனில் ஒட்டிக்கொள்ளும், மீதி இழையிழையாகச் சுற்றும். முதல் மடக்கில் வெறும் புளிப்பு, கடைசி மடக்கில் திகட்டும் இனிப்பு. இத்தனைக்கும் தேன் தண்ணீரில் நன்றாகவே கரையக்கூடியது. கரைவதற்கு ஆகும் நேரம்தான் இங்கே சிக்கல்.

தேனின் அடர்த்தி தண்ணீரைப்போல 1.4 மடங்கு, அதனால் மூழ்குகிறது. அது சீக்கிரம் கரையாததற்குப் பெரிய காரணம் அதன் பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓடாமல் இழுபடும் குணம். நம் அறை வெப்பநிலையிலேயே தேனின் பாகுத்தன்மை தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். குளிர்ந்தால் இன்னும் இறுகும். 40 டிகிரி செல்சியஸில் இருப்பதைவிட 20 டிகிரியில் ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டியாகிவிடும் என்றால், ஐஸ் தண்ணீரில் விழுந்த தேனின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். அதில் ஃபிரக்டோஸ் முதலிடம், குளுக்கோஸ் அடுத்து. தண்ணீர் 17 முதல் 20 சதவீதம். இவ்வளவு குறைந்த தண்ணீரில் இவ்வளவு சர்க்கரை நெருக்கியடித்து இருப்பதால், மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகப் பிடித்திருக்கின்றன. நடுவில் தண்ணீர் புகுந்தால் அந்தப் பிடி தளரும். அதுவும் எவ்வளவு வேகமாக! தேனின் ஈரம் 17 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்துக்குக் கூடினாலே பாகுத்தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும். ஒரு கப் தேனுக்கு ஒரு கப் தண்ணீர் சேர்த்தால் கிடைக்கும் தேன்பாகு எந்தக் குளிர்பானத்திலும் இரண்டு சுற்றில் கலந்துவிடும்.

செய்முறை எளிது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அதில் சம அளவு தேனை ஊற்றி, நிறம் ஒரே சீராகும்வரை கலக்குங்கள். ஐஸ் காபி மாதிரி நீர்த்துப்போகக் கூடாத பானங்களுக்கு இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு தண்ணீர் போதும். இஞ்சி வாசனை வேண்டுமானால் இஞ்சியைத் தண்ணீரிலேயே கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். தேன் கடைசியில்தான் சேர வேண்டும்.

தேனையே அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம் என்பேன். பூவின் மணம் தரும் பொருட்கள் எளிதில் ஆவியாகிப் போய்விடும். அந்த மணத்துக்காகத்தானே சர்க்கரையை விட்டுத் தேனுக்கு வருகிறோம். சூடாக்கினால் தேன் விஷமாகும் என்று பலர் நம்புகிறார்கள். நீண்ட நேரம் சூடுபட்ட தேனில் ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபுரால் என்ற பொருள் கூடுவது உண்மை. தேனின் தரத்தை அளக்க அதற்கு ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள்: ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப நாடுகளின் தேனுக்கு 80. ஆனால் நாம் தினமும் குடிக்கும் வறுத்த காபியிலும் இதே பொருள் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் கலக்குவதால் பயப்படும்படி எதுவும் ஆகிவிடாது.

உறைந்த தேன் வீட்டில் இருந்தால் அதைத் தேன்பாகுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது. மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தேன் சீக்கிரமே குருணையாகிவிடும். ரப்பர் மரத்தில் தேனீக்கள் பூவைவிட இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் அதிகம் சேகரிக்கின்றன. அதில் குளுக்கோஸ் விகிதம் கூடுதல். குளுக்கோஸ்தான் படிகமாவது. கலப்படம் என்று நினைத்து அதைக் கொட்டிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும். தண்ணீர் சேர்ந்ததும் அந்தக் குருணை முழுக்கக் கரைந்துபோகும்.

குளிர்பானத்துக்குத் தேன் பொருந்த இன்னொரு காரணமும் உண்டு. ஃபிரக்டோஸ் மூலக்கூறு தண்ணீரில் பல வடிவங்களுக்கு இடையே மாறிக்கொண்டே இருக்கும். குளிரில் அதிக இனிப்புள்ள வடிவம் பெருகும். சூட்டில் இனிப்புக் குறைந்த வடிவங்கள் கூடும். அதனால் ஒரே அளவு தேன்பாகு சூடான கட்டன் சாயாவில் இருப்பதைவிட ஐஸ் டீயில் கூடுதலாக இனிக்கும்.

சரி, தேனே பல வருடம் கெடாது, அதில் செய்த பாகு மட்டும் ஏன் கெட வேண்டும்? தேனில் இருக்கும் தண்ணீரைச் சர்க்கரை பிடித்துவைத்திருக்கிறது. நுண்ணுயிர் உள்ளே விழுந்தால் அதன் உடலிலிருந்தே தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அதோடு தேனின் அமிலத்தன்மையும் சேர்ந்துகொள்கிறது. ஆனாலும் தேனில் உயிரே இல்லை என்று சொல்ல முடியாது. அதிக சர்க்கரையைத் தாங்கும் ஈஸ்ட்கள் அதில் உறங்கிக் கிடக்கும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினாலே அவை விழித்துக்கொள்ளக்கூடும். சம அளவில் கலந்த பாகில் தண்ணீர் பாதிக்கும் மேல்! எதனால் தேன் பானத்தில் எளிதாகக் கலக்கிறதோ, அதனாலேயே அது காவலையும் இழக்கிறது.

இங்கே தேனீ ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அது சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, முதிர்ந்த தேனில் ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். தண்ணீர் சேர்ந்ததும் வேலையை ஆரம்பித்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். தேனின் கிருமி எதிர்ப்புக்கு இதுவே முக்கியக் காரணம் என்று 1963இல் கண்டறிந்தார்கள். அதிகச் சூடு இந்த நொதியை அழித்துவிடும். ஆனால் இதை நம்பிப் பாகை வெளியே வைத்துவிடக் கூடாது, ஈஸ்ட் தப்பித்துக்கொள்ளும். வெந்நீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஃபிரிஜ்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நுரையோ புளித்த வாடையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். பாகு காய்ச்சும் சூட்டில் அவை சாவதில்லை. கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். ஒரு வயதுக்குக் கீழே தேனும் கூடாது, தேன்பாகும் கூடாது. அதற்குமேல் குடலில் நிலைபெற்றுவிட்ட நல்ல நுண்ணுயிர்கள் பொதுவாக அந்த வித்துகளை முளைக்க விடுவதில்லை.