சீட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்

முழங்கால் தேய்மானத்தோடு வருகிறவர்களிடம் சைக்கிள் ஓட்டச் சொல்வது பிசியோதெரபிஸ்ட்டான எனக்குப் பழகிப்போன விஷயம். நடக்கும்போது முழங்கால் மூட்டின் மேல் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. சமதரையில் நிதானமாகப் பெடல் மிதித்தால் அந்தச் சுமை ஏறக்குறைய உடல் எடை அளவுக்குக் குறைந்துவிடும். எடையின் பெரும்பகுதியைச் சீட் வாங்கிக்கொள்கிறது. மூட்டு நன்றாக அசைகிறது, தொடைத் தசை வலுவாகிறது, அதிர்ச்சி மட்டும் மூட்டுக்குப் போவதில்லை.

இதை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டே நான் காரில்தான் கிளினிக்குக்குப் போய்வந்தேன். போன வருடம் சைக்கிளுக்கு மாறினேன். போக ஏழு கிலோமீட்டர், வர ஏழு. அந்த ஒரு வருடம் என் ஆலோசனையையே மாற்றிவிட்டது. முன்பு ‘சைக்கிள் ஓட்டுங்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது ‘அடுத்த முறை வரும்போது சைக்கிளையும் கொண்டுவாருங்கள்’ என்கிறேன்.

ஆர்வமாக ஆரம்பித்தவர்கள் இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டால் நாம் சோம்பல் என்று நினைத்துவிடுகிறோம். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எங்கோ வலித்திருக்கும். எனக்கும் மூன்றாவது வாரமே வந்தது. மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஒரு குத்தல். சீட் தாழ்வாக இருந்ததுதான் காரணம்.

சீட் தாழ்வாக இருந்தால் நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றும். அந்தத் தைரியத்துக்காகவே பலர் அப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தேவைக்கு மேல் மடங்கி, சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. நிமிடத்துக்கு 65 சுற்று என்று வைத்தால், அரைமணி நேரத்தில் ஒரு முழங்கால் ஏறக்குறைய 2,000 முறை அப்படி அழுந்தும். வலிக்காமல் என்ன செய்யும்?

சரியான உயரத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். அந்த நிலையில் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. அப்புறம் ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால், பெடல் கீழே இருக்கையில் முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருக்கும். அதுதான் வேண்டும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டை ஏற்றுங்கள், பின்பக்கம் வலித்தால் இறக்குங்கள். ஒரே நாளில் நிறைய மாற்ற வேண்டாம், அரை சென்டிமீட்டர் மாற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றுவது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஆசிரியை ஒருவர், இனி சைக்கிளே வேண்டாம் என்ற முடிவோடு என்னிடம் வந்தார். சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினேன். கனமான கியரில் அழுத்தி மிதிக்கும் வழக்கமும் அவருக்கு இருந்தது. லேசான கியரில் வேகமாகச் சுற்றச் சொன்னேன். மூன்று வாரத்தில் வலி அடங்கியது.

இன்னொரு புகார், மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது. கையை விறைப்பாக நீட்டி உடம்பின் பாரத்தை ஹேண்டிலில் போடும்போது, உள்ளங்கையின் அடியில் ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, பிடியை அவ்வப்போது மாற்றினால் போதும். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் பாரம் கைக்கு வரும், அதையும் பாருங்கள்.

வலி போன பிறகு கிடைத்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். என் கிளினிக் இருக்கும் தெரு சரிவானது என்பதே காரில் போன காலத்தில் எனக்குத் தெரியாது. இப்போது காலையில் கடைசி நானூறு மீட்டர் மிதிக்கவே வேண்டாம். காலை அசைக்காமல், முகத்தில் காற்று பட, சைக்கிள் தானாக உருளும். சிறு வயதில் இறக்கத்தில் கையை விட்டு ஓட்டியபோது வந்த அதே சந்தோஷம் இந்த வயதிலும் வருகிறது. மாலையில் அதே சரிவு ஏற்றமாகிவிடும். முதல் மாதம் இறங்கித் தள்ளினேன். இரண்டாவது மாதம் மூச்சிரைக்க ஏறினேன். ஆறாவது மாதம் கூட வந்தவரோடு பேசிக்கொண்டே ஏறிவிட்டேன். நாள் முழுக்கக் கேட்ட வலிகளை அந்த ஏற்றத்தில்தான் இறக்கி வைக்கிறேன். வீட்டுக்குள் நுழையும்போது மனம் காலியாக இருக்கிறது, படுத்தவுடன் தூக்கம் வருகிறது. நெரிசல் எப்படி இருந்தாலும் இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நிம்மதி தனி.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஐந்து நாள் போய்வந்தால் எனக்கு 250 நிமிடம் ஆகிறது. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை, எப்படியும் சாலையில் போகவேண்டிய நேரம்தான். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. சைக்கிளில் வேலைக்குப் போனவர்களிடம் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லாப் பெருமையும் சைக்கிளுக்கே என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் என் நோயாளிகளிடம் தயங்காமல் சொல்ல அது போதும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சீட் எடையைத் தாங்குவதால் மூட்டுக்கு நல்லது. அதே காரணத்தால் எலும்புக்குப் பெரிய வலு கிடைப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் நடைப்பயிற்சியையும் எடை தூக்கும் பயிற்சியையும் விட்டுவிடக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை தாழ்ந்துபோகாமல் கவனிக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவர், அப்புறம்தான் சைக்கிள்.

சாலையைப் பற்றி நான் விடாமல் சொல்வது மூன்று விஷயம். நிற்கும் கார்களை ஒட்டி ஓட்டாதீர்கள், எந்த நேரமும் கதவு திறக்கலாம். திரும்பப்போகும் லாரியின் பக்கவாட்டில் நிற்காதீர்கள், ஓட்டுநரின் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் பிரேக்கை முன்கூட்டியே பிடியுங்கள். சாலையில் போட்ட பெயின்ட் கோடும் இரும்பு மூடியும் ஈரத்தில் வழுக்கும். கொட்டும் மழையில் நான் சைக்கிளை எடுப்பதில்லை. இந்த வருடத்தில் அப்படி எத்தனையோ நாள் போயிற்று, மறுநாள் மறுபடி எடுத்தேன், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியை சமீபத்தில் தோள்பட்டை வலிக்காக வந்திருந்தார். வாசலில் அவர் சைக்கிள் நின்றது. சீட் கம்பியில் ஓரிடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருப்பதைப் பார்த்து, எதற்கு என்று கேட்டேன்.

“பையன் எடுத்துட்டுப் போனா சீட்டை இறக்கிடறான். என் உயரம் மறந்துடக் கூடாதுன்னுதான்.”