பெங்களூருக்கு ஒரு பார்சல்: கைவினைப் பொருள் விற்பவர் ஜி.எஸ்.டி எப்போது எடுக்க வேண்டும்?

எங்கள் தெருவில் டெரகோட்டா நகை செய்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். ஜிமிக்கி, கழுத்துமணி, கல்யாண செட் எல்லாம் செய்வார். அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இரண்டு வருடமாக ஒரு வரி அப்படியே கிடந்தது: 'தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பப்படும்.' பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "வெளிமாநிலத்துக்கு ஒரு பொட்டலம் போனாலும் ஜி.எஸ்.டி எடுக்கணுமாமே, கூரியர் ஆபீஸ்ல சொன்னாங்க" என்றார்.

கூரியர் ஆபீஸில் சொன்னது பாதி சரி. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக வீட்டிலிருந்தே கைப்பொருள் விற்பவர்கள் பெருகிவிட்ட இந்த நாளில், மீதிப் பாதி தெரியாமல் ஆர்டரை இழப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

முதலில் பொது விதி. தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஒரு நிதியாண்டில் மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். இது மாநிலத்துக்குள் விற்பவருக்கு. ஜி.எஸ்.டி சட்டத்தின் 24ஆம் பிரிவு சில வகைக்காரர்களை இந்த வரம்பிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. வரி உள்ள பொருளை மாநிலம் கடந்து விற்பவர் அதில் முதல் ஆள். அவருக்கு 40 லட்சமும் இல்லை, 4 ஆயிரமும் இல்லை. முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். கூரியர் ஆபீஸில் சொன்னது இதைத்தான்.

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி வந்தபோது கைவினைஞர்களுக்கும் இதே விதிதான். கண்காட்சிக்குப் போகிறவர்கள் தவித்துப்போனார்கள். தஞ்சாவூரிலிருந்து தில்லிக்குப் பொம்மை கொண்டுபோய் 10 நாள் கடை போட்டால்கூட, 'தற்காலிக வரி செலுத்துபவர்' என்று தனியாகப் பதிவு செய்து, விற்பனை தொடங்கும் முன்பே வரியை முன்பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐதராபாத்தில் கூடிய ஜி.எஸ்.டி கவுன்சில் இதில் ஒரு கதவைத் திறந்தது. இப்போது நடப்பில் உள்ளவை 2018 அக்டோபரில் வந்த இரண்டு அறிவிக்கைகள்: ஒருங்கிணைந்த வரி அறிவிக்கை 3/2018, மத்திய வரி அறிவிக்கை 56/2018. முதலாவது வெளிமாநிலத்துக்கு அனுப்புபவருக்கு, இரண்டாவது வெளிமாநிலத்தில் போய்க் கடை போடுபவருக்கு. இரண்டையும் பிரின்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பாத கவுன்டர் ஊழியர் காகிதத்தைப் பார்த்தால் நம்புவார்.

இவை சொல்வது சுருக்கமாக இதுதான்: கைவினைப் பொருளை மாநிலம் கடந்து விற்பவரின் அந்த விற்பனை, இந்தியா முழுக்கக் கணக்கிட்டு, ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. பான் கார்டு இருக்க வேண்டும். சரக்குக்கு இ-வே பில் (சரக்கு வழியில் போகும்போது கூடவே இருக்க வேண்டிய மின்னணு அனுமதிச் சீட்டு) போட வேண்டும். சில வடகிழக்கு மாநிலங்களில் வரம்பு 10 லட்சம்.

எது கைவினைப் பொருள்?

கையால் செய்ததெல்லாம் சட்டத்தின் கண்ணில் கைவினை ஆகிவிடாது. 2018 ஜூலையில் வந்த வரையறைப்படி, பொருள் பெரும்பாலும் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும். கருவியோ மெஷினோ கொஞ்சம் உதவியிருந்தால் குற்றமில்லை. அலங்கார வேலைப்பாடு இருக்க வேண்டும். அதே பயன்பாட்டுக்கு மெஷினில் செய்த பொருளிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும். இத்தனையும் இருந்தும், அறிவிக்கையின் பட்டியலில் பொருளின் பெயரும் எச்.எஸ்.என் எண்ணும் (சரக்கை வகைப்படுத்தும் குறியீட்டு எண்) இருந்தால்தான் சலுகை.

பட்டியல் நீளமானது, நம்மூர் ஆட்களுக்கு நல்ல பட்டியல். களிமண், டெரகோட்டா பொருள்கள் இருக்கின்றன; அக்காவின் ஜிமிக்கி அங்கேயே நிற்கிறது. புல், ஓலை, நார், பாய் என்று ஒரு வரிசை உண்டு. பத்தமடைப் பாயும் மணப்பாட்டுப் பனையோலைக் கூடையும் அதில் அடங்கும். கடைசல் மரவேலைக்கு ஒரு வரிசை, அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு அது போதும். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலைச் சிலை, தென்னைநார்ப் பொருள், கை எம்பிராய்டரி, சங்கு வேலை, இசைக்கருவி, நாடக உடை எல்லாம் வருகின்றன. தஞ்சாவூர் ஓவியம் பெயரோடே இருக்கிறது. கையால் செய்த கவரிங் வகை நகைகளில் விதை, மணி நகைகளோடு ஏலக்காய் மாலையையும் சேர்த்திருக்கிறார்கள். எழுதியவர் யாரோ, கல்யாண வீட்டுப் பக்கம் போய்வந்தவர்தான்.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் காய்ச்சும் சோப்பு இல்லை. முகப்பூச்சு, கூந்தல் எண்ணெய் இல்லை. ஊறுகாய், பொடி வகை இல்லை. அவை எவ்வளவு கைப்பக்குவமாக இருந்தாலும் சட்டப்படி சாதாரணச் சரக்கு. வெளிமாநிலத்துக்கு வரி உள்ள ஒரு பாட்டில் போனாலும் பதிவு தேவை. மரபுக் கைத்தொழில்களை மனதில் வைத்து எழுதிய பட்டியல் என்பதால், ரெசின் தட்டு, கீ செயின் போன்ற புதுக் கைவேலைகளைப் பட்டியலுக்குள் திணித்துக்கொள்ள முடியாது. 'ஹேண்ட்மேட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கைவினை ஆகிவிடும் என்று நினைத்துத்தான் பலர் சிக்குகிறார்கள்.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தக் கவலையே வேண்டாம். மண்பானை, அகல் விளக்கு, களிமண் சாமி சிலை ஆகியவற்றுக்கு வரியே கிடையாது. இவற்றை மட்டும் செய்து விற்பவர் எத்தனை லட்சத்துக்கு விற்றாலும், எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம், இ-வே பில்லும் வேண்டாம். மதுரை விளாச்சேரியில் களிமண்ணில் பிள்ளையார் செய்பவருக்கு வரி இல்லை. அதே பிள்ளையாரைக் காகிதக்கூழில் வார்த்தால் வரி உண்டு.

இ-வே பில் என்ற பொடி எழுத்து

சலுகையில் பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. மற்ற வியாபாரிகளுக்கு மாநிலம் கடக்கும் சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் இ-வே பில். பதிவு விலக்கு பெற்ற கைவினைஞருக்கு அந்தக் குறைந்தபட்சமே கிடையாது. 600 ரூபாய் ஜிமிக்கிக்கும் போட்டாக வேண்டும். பதிவைத் தள்ளுபடி செய்துவிட்டு, பார்சலைக் கண்காணிக்க ஒரு நூல் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 600 ரூபாய் பொருளுக்கு இது அநியாயமான வேலைதான். ஆனாலும் விதி விதிதான். வழியில் பிடித்தால் பொருளை நிறுத்திவைத்து வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்க சட்டத்தில் இடமிருக்கிறது.

பதிவில்லாதவரும் இ-வே பில் தளத்தில் தானே போட்டுக்கொள்ளலாம். 2025 பிப்ரவரியிலிருந்து பதிவில்லாதவர்களுக்கென ஒரு படிவம் அங்கே வந்திருக்கிறது. பான் எண், முகவரி, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி கொடுத்தால் 15 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை வைத்து ஒவ்வொரு பார்சலுக்கும் பில் எடுக்கலாம். கட்டணம் எதுவும் இல்லை.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று விதியிலேயே ஒளிந்திருக்கிறது. இ-வே பில் வேண்டாத சரக்குகளின் இணைப்புப் பட்டியலில் 'தபால் துறை எடுத்துச்செல்லும் தபால் பைகள்' என்றும் இருக்கிறது. அதாவது தனியார் கூரியரில் போனால் பில் வேண்டும். அஞ்சலகத்தில் பார்சலாகவோ ஸ்பீட் போஸ்ட்டாகவோ போட்டால் வேண்டாம். சின்னச் சின்னப் பார்சலாக அனுப்புபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான். மண் நகைக்குப் பஞ்சும் பபிள் கவரும் கொஞ்சம் தாராளமாக வையுங்கள், அவ்வளவே.

அமேசானில் கதவு மூடிவிடும்

அதே ஜிமிக்கியை அமேசான், பிளிப்கார்ட், மீஷோ போன்ற தளங்களில் போட்டால் கதை மாறுகிறது. 2023 அக்டோபர் 1க்கு முன்பு பதிவில்லாமல் அங்கே பொருள் விற்கவே முடியாது. அன்றிலிருந்து தளர்த்தினார்கள்: பான் எண்ணைக் கொடுத்து ஜி.எஸ்.டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் பெற்றுக்கொண்டால், பதிவில்லாதவரும் விற்கலாம். ஆனால் ஒரே மாநிலத்தில் இருந்துகொண்டு அந்த மாநிலத்துக்குள் மட்டுமே விற்க வேண்டும். இந்தத் தளர்வில் கைவினைப் பொருளுக்குத் தனி விலக்கு எதுவும் இல்லை.

ஆக, பெங்களூர்க்காரர் இன்ஸ்டாகிராமில் செய்தி அனுப்பி, யு.பி.ஐயில் பணம் போட்டு, நீங்கள் நேராக அனுப்பினால் பதிவு வேண்டாம். அதே ஆள், அதே நகையை, மீஷோவில் உங்களிடம் வாங்கினால் பதிவு வேண்டும். உங்கள் சொந்த வலைத்தளம் உங்கள் சொந்தக் கடை மாதிரி. அதில் விற்பது நேரடி விற்பனைதான்.

எல்லை எது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜி.எஸ்.டிக்குப் புதுச்சேரியும் ஒரு தனி மாநிலம். வில்லியனூரில் டெரகோட்டா செய்பவர் பக்கத்தில் இருக்கும் கடலூர்க் கடைக்கு ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்தால் அது மாநிலம் கடந்த விற்பனை. அவரே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள காரைக்காலுக்கு அனுப்பினால் உள்ளூர் விற்பனை. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் என்பதால், அங்கே செய்து புதுச்சேரிக் கடைத்தெருவுக்கு அனுப்புவதும் எல்லை தாண்டல்தான். தமிழ்நாட்டின் 40 லட்ச வரம்பும் புதுச்சேரிக்குக் கிடையாது. அங்கே 20 லட்சம்.

கணக்கில் தவறும் இடங்கள்

வரம்பு என்பது விற்பனைத் தொகை, லாபம் அல்ல. "எனக்கு மாசம் பதினஞ்சாயிரம்தான் நிக்குது" என்பதை வரி அலுவலகம் கேட்காது. கணக்கு பான் எண் அடிப்படையில்; ஒரே பானில் நகை விற்பனையும் வேறொரு கடையும் நடந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யு.பி.ஐ வரவுகளைப் பார்த்துச் சின்ன வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது பெரிய பேச்சானது. அதில் வீட்டுக் கைமாற்றும் கடனும் வியாபார வரவோடு கலந்துகிடந்ததுதான் பலருடைய புலம்பல். விற்பனைக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, தினமும் விற்றதை நோட்டில் ஒரு வரியாக எழுதிவைத்தால் போதும். இதற்கு ஆடிட்டர் தேவையில்லை.

இன்னொன்று வகுப்பு. கைவேலை விற்பவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்பும் எடுக்கிறார்கள். வகுப்புக் கட்டணம் சேவை. 40 லட்ச வரம்பு பொருள் மட்டும் விற்பவருக்கே என்பதால், வகுப்பு எடுக்கத் தொடங்கினால் மொத்த வரம்பு 20 லட்சமாகக் குறைந்துவிடும்.

வெளிநாட்டு ஆர்டர் வேறு வழி. அதற்கு 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான குறியீட்டு எண்) எடுக்க வேண்டும். தபால் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரா என்ற ஏற்றுமதி மையங்களில் தபால் வழி ஏற்றுமதிக்கான தாள் வேலைக்கு உதவுகிறார்கள்.

தானாகப் பதிவு எடுக்கலாமா?

பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி என்று போட்டுப் பணம் வாங்கக் கூடாது. களிமண், பெயின்ட், பெட்டி வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. நேரடி வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விற்பவருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தீபாவளிப் பரிசாக 300 பெட்டி கேட்கும் கம்பெனியும், பொட்டீக் (boutique) கடைகளும் ஜி.எஸ்.டி பில் கேட்பார்கள். அந்த வகை ஆர்டர் அடிக்கடி வருகிறது, அல்லது அமேசானில் இந்தியா முழுக்க விற்க ஆசை என்றால் எடுத்துவிடுவது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான கைவினைப் பொருள்களின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டதால், விலையில் முன்போல அதிகம் இடிக்காது.

விற்பனையில் ஒரு சதவீதம் வரியாகக் கட்டினால் போதும் என்று 'காம்போசிஷன்' திட்டத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதில் சேர்ந்தவர் மாநிலம் கடந்து விற்கவே கூடாது. பதிவே இல்லாமல் பெங்களூருக்கு அனுப்ப உரிமை உள்ளவர், காசு கொடுத்து அந்த உரிமையை இழப்பதற்கு ஒப்பானது அது.

பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. கேட்டால் அது ஏஜென்ட் கூலி, பேரம் பேசலாம். ஆனால் எடுத்த பிறகு, விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (வரித்துறைக்குத் தரும் விற்பனைக் கணக்கு) போட வேண்டும். மறந்தால் வெற்று ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். கார்த்திகைக்கும் கொலுவுக்கும் மட்டும் வேலை பார்க்கிறவர்கள், மற்ற மாதங்களிலும் இதை யார் போடுவது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டு விண்ணப்பிக்கலாம்.