மழை வந்தால் எந்தப் பெட்டி தாங்கும்?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் டிடி ஃப்ரீ டிஷ்தான். எங்கள் பெட்டியில் சிக்னல் 85 என்று காட்டுகிறது, அவர்கள் பெட்டியில் 60தான். ஆனால் மழை பிடித்தால் முதலில் நின்றுபோவது எங்கள் வீட்டுப் படம். செட்டாப் பாக்ஸை மாற்றிவிடலாமா? சிக்னலை நன்றாக இழுக்கும் பெட்டி எது?"

சிக்னலை இழுப்பது பெட்டியின் வேலையே இல்லை. அதை மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷும், அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யும் பார்த்துக்கொள்கின்றன. பெட்டி செய்வது வேறு வேலை. அது என்ன என்று தெரிந்துவிட்டால் எந்தப் பெட்டி வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

முதலில் தெரிந்த கதையை வேகமாக முடித்துவிடுவோம். ஃப்ரீ டிஷ் சேனல்கள் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகின்றன. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. தர்மபுரியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில். கிட்டத்தட்ட தலைக்கு மேலே என்றே சொல்லலாம். அங்கிருந்து 11 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகள் வருகின்றன. 60 சென்டிமீட்டர் டிஷ் அவற்றைத் திரட்டி எல்.என்.பி.யின் வாயில் குவிக்கிறது. அப்படித் திரட்டிக் கிடைக்கும் ஆற்றல், தோராயமாக ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. எல்.என்.பி. அதைப் பெருக்கி, அதிர்வெண்ணையும் குறைத்து, கேபிள் வழியாகக் கீழே அனுப்புகிறது. பெட்டி அதே கேபிளில் 13 அல்லது 18 வோல்ட் மேலே அனுப்பி, செங்குத்தாக அதிரும் அலை வேண்டுமா, கிடையாக அதிரும் அலை வேண்டுமா என்று சொல்கிறது. சரி, அலை வீட்டுக்குள் வந்துவிட்டது.

வந்தது அப்படியே படமாகிவிடாது. ஃப்ரீ டிஷ்ஷின் ஓர் அலைவரிசையில் நொடிக்கு 2 கோடியே 95 லட்சம் குறிகள் வருகின்றன. ஒவ்வொரு குறியும் அலையின் நான்கு நிலைகளில் ஒன்று. அதாவது இரண்டு பிட்; ஒரு பிட் என்பது 0 அல்லது 1. வழியில் வானத்தின் இரைச்சல், எல்.என்.பி.யின் சொந்த இரைச்சல் எல்லாம் கலந்து, எந்த நிலை என்பது மங்கலாகத்தான் தெரியும். மழை வந்தால் இரண்டு அடி விழுகிறது. துளிகள் அலையை உறிஞ்சிவிடும், அது ஒன்று. தெளிந்த வானம் ரேடியோ அலைகளுக்கு மிகவும் குளிர்ந்த பொருள், மழையோ வெதுவெதுப்பான பொருள் என்பதால் அதுவே இரைச்சலையும் உமிழும், அது இன்னொன்று. சிக்னல் குறைகிறது, இரைச்சல் கூடுகிறது. நடுவில் மாட்டிய பிட்டுகள் 0 என்று வந்ததா, 1 என்று வந்ததா என்பதில் பெட்டி தடுமாறும்.

இங்கேதான் பெட்டியின் உண்மையான வேலை தொடங்குகிறது. தவறாக வந்ததைத் திருத்துவது. என்ன அனுப்பினார்கள் என்றே தெரியாத பெட்டி, வந்ததில் எது தவறு என்று எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆறு பிட்டுகள்: க, ச, ட, த, ப, ம. அனுப்பும்போதே மூன்று விதிகளை வைத்து அனுப்புகிறார்கள். க, ச, ட மூன்றிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ட, த, ப மூன்றிலும் அப்படியே. ப, ம, க மூன்றிலும் அப்படியே. இப்போது மழை. வந்து சேர்ந்தது: க = 1, ச = 0, த = 1. மற்ற மூன்றும் அடிபட்டுப்போய்விட்டன. பாதிச் செய்தி போச்சு.

முதல் விதியைப் பாருங்கள். க-வில் ஒரு 1 இருக்கிறது, ச-வில் இல்லை. இரட்டைப்படை ஆக வேண்டுமானால் ட = 1 ஆகத்தான் இருக்க முடியும். இப்போது ட தெரிந்துவிட்டதால் இரண்டாவது விதிக்கு உயிர் வருகிறது: ட-வும் த-வும் 1, ஆகவே ப = 0. ப தெரிந்ததும் மூன்றாவது விதி திறக்கிறது: ம = 1. முதல் விதி பேசாமல் இரண்டாவதால் எதுவும் செய்திருக்க முடியாது. இரண்டாவது பேசாமல் மூன்றாவதால் முடியாது. ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் போட்டியில் இடமிருந்து வலமாக ஒரு சொல் விழுந்ததும் மேலிருந்து கீழாக இரண்டு சொற்கள் அவிழுமே, அதே மாதிரி.

இதைப் பெரிதாக்கினால் டி.வி.பி.-எஸ்2 என்ற புதிய ஒளிபரப்புத் தரத்தின் இதயம் கிடைத்துவிடும். அங்கே ஆறு பிட்டுக்குப் பதிலாக சட்டகம் எனப்படும் ஒரே தொகுப்பில் 64,800 பிட்டுகள். விதிகள் ஆயிரக்கணக்கில், ஆனால் ஒவ்வொரு விதியும் தொடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிட்டுகளை மட்டும். பெட்டி எந்தப் பிட்டையும் உடனே 0 என்றோ 1 என்றோ முடிவு கட்டுவதில்லை. "இது அநேகமாக 1", "இது சந்தேகம்தான்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பிக்கை அளவை வைத்துக்கொள்கிறது. விதிகள் பிட்டுகளிடம் கருத்துச் சொல்கின்றன, பிட்டுகள் விதிகளிடம் திருப்பிச் சொல்கின்றன, சுற்றுச் சுற்றாக. ஒவ்வொரு சுற்றிலும் சந்தேகம் குறைந்து, கடைசியில் எல்லா விதிகளும் ஒரே நேரத்தில் நிறைவேறுகின்றன. நாம் நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளங்கையளவுப் பலகைக்குள் இது ஓயாமல் நடக்கிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் விஷயம் இது.

இந்த முறையை ராபர்ட் கேலகர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960-இல் முனைவர் பட்ட ஆய்வாகக் கொடுத்தார். அன்றைய கணினிகளால் அதை ஓட்டிப் பயன்பெற முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அநேகமாக யாரும் சீண்டவில்லை. 1990-களில் மறுபடி கண்டெடுத்தார்கள், 2005-இல் டி.வி.பி.-எஸ்2 ஐரோப்பியத் தரமாக ஏற்கப்பட்டது, இன்று நம் ஊர்ப் புதிய பெட்டிகளில் ஓடுகிறது. "இந்த ஆராய்ச்சியால் உடனடி லாபம் என்ன?" என்று அன்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. 2020-21 கணக்குப்படி நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 சதவீதத்தைத்தான் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அதற்கும் கேள்விமேல் கேள்வி. முப்பது வருடம் காத்திருக்கும் பொறுமையோடு பணம் போடாத நாடு, பிறர் கண்டுபிடித்ததை விலைக்கு வாங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பழைய டி.வி.பி.-எஸ் தரத்துக்கும் பிழை திருத்தம் உண்டு. 188 பைட் (ஒரு பைட் என்பது எட்டு பிட்) கொண்ட ஒவ்வொரு பொட்டலத்தோடும் 16 பைட் கூடுதலாக வரும். 8 பைட் வரை கெட்டுப்போனாலும் மீட்டுவிடலாம். அதற்கு முன்னால் இன்னோர் அடுக்குத் திருத்தமும் உண்டு. நல்ல முறைதான். புதியது அதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகத் தகவலை அதே அலைவரிசையில், அதே ஆற்றலில் கொண்டுவரும்.

அப்படியானால் புதிய பெட்டி வாங்கினால் மழை தாங்குமா? தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார். நான் சொல்ல மாட்டேன். எந்தச் சங்கேதத்தில் அனுப்புவது என்பதை முடிவு செய்வது ஒளிபரப்புபவர். பழைய முறையில் வரும் சேனலைப் புதிய பெட்டியும் பழைய முறையில்தான் திருத்தும். புதிய முறையில் கிடைக்கும் லாபத்தை அவர்கள் மழைக்காக ஒதுக்காமல், கூடுதல் சேனல்களை அடைப்பதற்கே பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். நான்கு நிலைகளுக்குப் பதில் எட்டு நிலைகள், நிலைகளுக்கு நடுவே இடைவெளி குறைவு. அதனால் புதிய முறையில் வரும் சில எம்பெக்-4 சேனல்கள், பழைய முறையில் வரும் எம்பெக்-2 சேனல்களுக்கு முன்பே நின்றுபோவதும் உண்டு (எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை; 2 பழையது, 4 புதியது). நிற்கும்போது சட்டென்று நிற்கும். பழைய முறையில் கட்டம் கட்டமாகச் சிதறிவிட்டு நிற்கும் படம், புதிய முறையில் அநேகமாக முன்னறிவிப்பே இல்லாமல் போய்விடும். புதிய பெட்டியின் நிச்சயமான பயன் ஒன்றே ஒன்று: எம்பெக்-2 பெட்டியால் காட்டவே முடியாத எம்பெக்-4 சேனல்களை அது காட்டும்.

இனி அந்த 85-க்கும் 60-க்கும் வருவோம். இந்தச் சதவீதங்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது. அதிலும் 'ஸ்ட்ரெங்த்' என்ற பட்டை கேபிளில் வரும் மொத்த ஆற்றலைக் காட்டுகிறது, இரைச்சலையும் சேர்த்து. மழையில் படம் போன பிறகும் அது உயரமாகவே நிற்கலாம். பார்க்க வேண்டியது 'குவாலிட்டி' பட்டை. அதையும் ஒரே பெட்டிக்குள் நேற்றையும் இன்றையும் ஒப்பிடத்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு பெட்டிகளை நியாயமாக ஒப்பிட ஒரு வழி இருக்கிறது. ஒரே டிஷ், ஒரே கேபிள், ஒரே சேனல். எல்.என்.பி.யின் முகத்தில் ஒரு ஈரத் துணியைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். செயற்கை மழை தயார். படம் நிற்கும் அளவுக்குத் துணியை மடித்துச் சரிசெய்துகொண்டு, துணியைத் தொடாமல் பெட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே தரத்தில் இயங்கும் பெட்டிகளுக்குள் வித்தியாசம் மிகச் சிறிதாகத்தான் இருக்கும்.

பெரிய வித்தியாசம் மாடியில் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்கு. எந்தப் பெட்டியாலும் தர முடியாத லாபம் இது. 60 டிஷ்ஷின் பார்வை அகலம் 3 பாகைதான். ஒரு பாகை விலகினாலே கால்வாசி ஆற்றல் போய்விடும். வெயில் நாளில் அது தெரியாது, பெட்டி திருத்திக்கொண்டே இருக்கும். ஆடிக் காற்றில் லேசாகத் திரும்பிய டிஷ், ஐப்பசி மழையில்தான் மாட்டிக்கொள்ளும்.

வாஸ்து பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்னி மூலையில் டிஷ் வைக்கக் கூடாது என்று தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்த வீடுகளைக் கிருஷ்ணகிரிப் பக்கம் பார்த்திருக்கிறேன். டிஷ் எந்த மூலையில் நிற்கிறது என்பது அலைக்குப் பொருட்டே இல்லை, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதுதான் பொருட்டு. தென்கிழக்கே 67 பாகை உயரத்தில் வானம் திறந்திருந்தால் போதும். நம் ஊரில் செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த தென்னைகூட 5 மீட்டருக்கு அப்பால் நின்றால் மறைக்காது. மட்டை விரிவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். தொட்டிதான் மறைக்கும்.

ஆகவே பாலக்கோட்டு வாசகருக்கு: எம்பெக்-4 சேனல்கள் வேண்டுமென்றால் மட்டும் பெட்டியை மாற்றுங்கள். மழைக்காக என்றால், முதலில் எல்.என்.பி.யில் செருகும் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட்டு, தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றுங்கள். அப்புறம் குவாலிட்டி பட்டையைப் பார்த்துக்கொண்டே டிஷ்ஷை நூலளவு நூலளவாகத் திருப்பி, உச்சம் வரும் இடத்தில் நட்டை முடுக்குங்கள். அதன் பிறகும் நின்றால் 90 சென்டிமீட்டர் டிஷ் வாங்குங்கள்.