693 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரை அளப்பது எப்படி?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் 2024 ஆகஸ்ட் 23 அன்று நடைபாதை திடீரென உள்வாங்கியதில், நடந்துபோன ஒரு பெண் குழிக்குள் விழுந்து காணாமற்போனார். செயற்கைக்கோள் ரேடார் இதை முன்பே காட்டியிருக்காதா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

ரேடார் நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவுசெய்கிறது. இருட்டும் மேகமும் அதற்குத் தடையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் சுமார் 693 கி.மீ. உயரத்தில் பறந்து, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது.

எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது அடுத்த பகுதிதான். அலை ஏறி இறங்கி ஆடிக்கொண்டே வருகிறது அல்லவா? திரும்பி வந்து சேரும் நொடியில் அந்த ஆட்டத்தின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ரேடார் குறித்துக்கொள்கிறது. இதற்குக் கட்டம் என்று பெயர். சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் சுமார் 5.5 செ.மீ. தரை ரேடாரிலிருந்து 1 மி.மீ. விலகினால், போக ஒன்று வர ஒன்று என்று பாதை 2 மி.மீ. கூடும், கட்டம் ஏறக்குறைய 13 பாகை நகரும். மில்லிமீட்டர் இப்படித்தான் பிடிபடுகிறது! ஆனால் இது நிமிட முள் மட்டும் உள்ள கடிகாரம். தரை 2.8 செ.மீ. நகர்ந்தால் முள் முழுச் சுற்று போய்ப் பழைய இடத்துக்கே வந்துவிடும். எத்தனை சுற்று என்பதை அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் முந்தைய படங்களையும் வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

நம் ஊரின் ஈரக்காற்று இன்னொரு தொல்லை. நீராவி அலையைத் தாமதப்படுத்துவதால், அசையாத தரையும் இறங்கியதாகத் தெரியும். 2000 வாக்கில் இத்தாலியின் அலெசாண்ட்ரோ ஃபெரெட்டி குழுவினர் இதற்கு அருமையான வழி கண்டார்கள். கட்டட மூலை, இரும்புப் பாலம் என எதிரொலி மாறாத புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பல படங்களை அடுக்கிப் பார்த்தார்கள். நீராவி படத்துக்குப் படம் மாறும், தரை இறக்கமோ ஒரே போக்கில் தொடரும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

இனி வாசகர் கேள்வி. பத்துமலையில் நாம் காணும் சுண்ணாம்புப் பாறைதான் கோலாலம்பூரின் பல பகுதிகளுக்கு அடியிலும் இருக்கிறது. நீர் அதைக் கரைக்கும், மேல்மண் மெல்ல உள்ளே வடியும், மேற்பரப்பு அசையாமல் நின்று ஒருநாள் சட்டென்று சரியும். ரேடார் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. சாலைத் தார் வழவழப்பானது என்பதால் எதிரொலியும் குறைவு. ஆகவே அந்தக் குழியை முன்பே காட்டியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். சுரங்கப்பாதைக்கு மேலுள்ள கட்டடங்களும் கடலைத் தூர்த்த நிலமும் மெல்ல இறங்குவதை இது நன்றாகவே காட்டும். சென்டினல் தரவு இலவசம்; அதை ஆண்டு முழுவதும் படித்துக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும். குழி விழுந்ததும் மண்ணின் கோபம், பரிகாரம் என்று பேசுவதை விட்டு, அந்த ஆட்களுக்குச் சம்பளம் ஒதுக்கும்படி மாநகர் மன்றத்தைக் கேட்போம்.