புவிசார் தகவல் முறைமை: 'அமைப்பு' என்று எழுதினால் என்ன கெடுகிறது?

"புவியியல் தகவல் அமைப்பின் உதவியுடன் புதிய மருத்துவமனைக்கு இடம் தேர்வு செய்யப்பட்டுள்ளது." இடமும் திட்டமும் மட்டும் மாறி, இதே வாக்கியத்தை எத்தனையோ தடவை படித்தாகிவிட்டது. விவரம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? புவியியல் தகவல் அமைப்பு என்றொரு அலுவலகம் இருக்கிறது, அங்கே நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்து இடத்தைச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அவர்மேல் பிழையில்லை. உலக சுகாதார அமைப்பு, தன்னார்வ அமைப்பு, மாணவர் அமைப்பு என்று தினமும் படிக்கிறவருக்கு 'அமைப்பு' என்றால் ஆட்கள் கூடி நடத்துகிற ஒன்று. கணினியில் ஓடுகிற ஒரு முறைமையைப் பற்றி எழுதிவிட்டு, ஒரு நிறுவனத்தைப் பற்றி எழுதியதுபோலப் படிக்கவைக்கிறோம்.

இடம் குறித்த தகவல்களைக் கணினியில் சேர்த்துக் கேள்விகளுக்கு விடை தேட உதவும், ஜிஐஎஸ் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிற 'ஜியோகிராஃபிக் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்' என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். 'தகவல்' சரி. மற்ற இரண்டு சொற்களும் சரியில்லை.

வேரை விரைவாகப் பார்த்துவிடலாம். 'ஜியோ' கிரேக்கத்தில் பூமி, 'கிராஃபியா' எழுதுதல் அல்லது வரைதல். 'சிஸ்டம்' என்பதும் கிரேக்கம்தான், சேர்த்து நிறுத்தப்பட்டது என்று பொருள். 'இன்ஃபர்மேஷன்' லத்தீனிலிருந்து வந்தது, உருக்கொடுத்தல். வேரை வைத்து மட்டும் தமிழாக்கினால் 'பூமியை வரைந்து உருக்கொடுத்துச் சேர்த்து நிறுத்தியது' என்று ஏதோ வரும், யாருக்கும் பயன்படாது. அந்தப் பெயர் எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பதே நமக்கு முக்கியம்.

தேவை கனடாவில் எழுந்தது. 1960களில் அந்த நாடு தன் நிலங்கள் எதற்கெதற்கு ஏற்றவை என்று பெரிய கணக்கெடுப்பு ஒன்றைத் தொடங்கியது. வேளாண்மைக்கா, காட்டுக்கா, வனவிலங்குக்கா, மக்கள் பொழுதுபோக்குக்கா என்று தனித்தனி வரைபடங்கள். வேளாண்மைக்குள்ள தகுதியை மட்டும் 7 வகுப்புகளாகப் பிரித்தார்கள். வரைபடங்கள் குவிந்தன. ஆனால் 'முதல் வகுப்பு விளைநிலமாக இருந்தும் இன்று பயிரிடாமல் கிடப்பது எவ்வளவு, எங்கே?' என்று ஒருவர் கேட்டால், இரண்டு வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஒவ்வொரு துண்டாகக் கையால் அளந்து கூட்ட வேண்டும். ஒரு நாடு முழுக்க அது நடக்கிற காரியமா? அந்த வேலையைக் கணினியிடம் கொடுக்கலாம் என்று முன்வந்தவர் புவியியலாளர் ரோஜர் டாம்லின்சன். அப்படி உருவானதுதான் கனடா புவிசார் தகவல் முறைமை. 1968இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது, கூடவே 'வட்டாரத் திட்டமிடலுக்கு' என்ற சொல்லும் இருக்கிறது. ஆக, பொதுக் காரியங்களில் முடிவெடுக்கிறவர்களுக்குக் கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும் என்பதே தொடக்கத்திலிருந்து இதன் வேலை. அங்கே வரைபடம் உள்ளே போகிற மூலப்பொருள். வெளியே வருவது ஒரு வரைபடமாகவும் இருக்கலாம், அட்டவணையாகவும் இருக்கலாம், ஒரேயோர் எண்ணாகவும் இருக்கலாம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 'சிஸ்டம்' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரே சொல் கிடையாது, தேவையும் இல்லை. நரம்பு மண்டலம் என்கிறோம், சூரியக் குடும்பம் என்கிறோம், கணினியில் இயங்குதளம் என்று 'சிஸ்டம்' என்ற சொல்லையே விட்டுவிட்டு அழகாகப் பெயர்த்திருக்கிறோம். இலங்கைத் தமிழில் நரம்புத் தொகுதி, சூரியத் தொகுதி. எல்லாமே அந்தந்த இடத்தில் பொருந்துகின்றன. அப்படியானால் இங்கே எது பொருந்தும்?

'அமைப்பு' என்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படுவது இது: நில அமைப்பு, உடலமைப்பு, வாக்கிய அமைப்பு என்கிறோமே, அங்கெல்லாம் யாரும் நிறுவனம் என்று எடுத்துக்கொள்வதில்லையே? உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் 'அமைப்பு' என்பது ஒரு பொருள் அமைந்திருக்கும் விதம். நில அமைப்பு என்றால் நிலம் அமைந்திருக்கும் விதம். அதே வழியில் போனால் 'தகவல் அமைப்பு' என்பது தகவல் அமைந்திருக்கும் விதம் என்றாகிவிடும். அதாவது, நிறுவனம் என்று படித்தாலும் தவறு, விதம் என்று படித்தாலும் தவறு. மூன்றாவதாக நாம் நினைக்கிற பொருளை அந்தச் சொல் தானாகத் தருவதே இல்லை. ஏற்கெனவே ஜிஐஎஸ் தெரிந்தவருக்கு மட்டும்தான் 'புவியியல் தகவல் அமைப்பு' புரிகிறது. அவருக்குத் தமிழாக்கமே வேண்டியதில்லை.

'தொகுதி' என்று வைக்கலாமா என்றால், வாக்காளர் தொகுதி என்ற பொருள் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. எல்லைகளும் வரைபடங்களும் புழங்குகிற துறையில் இரண்டு 'தொகுதி'யை வைத்துக்கொண்டு யாரும் பிழையில்லாமல் எழுத முடியாது. தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'கட்டகம்' என்பார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்கான அறிவிப்பில் அதற்கே இன்னொரு விளக்கம் வேண்டியிருக்கும். வெறும் 'முறை' என்றால் செய்யும் வழி என்றாகிவிடும். தகவல் முறை என்பது தகவல் சேர்க்கும் வழியா, சொல்லும் வழியா என்று தெளிவிருக்காது.

'முறைமை' என்பதில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பல பகுதிகள் ஓர் ஒழுங்கில் சேர்ந்து இயங்குவதை அது சொல்கிறது. இலங்கைப் பாடநூல்களில் 'புவியியல் தகவல் முறைமை' என்று மாணவர்கள் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறார்கள். "அது இலங்கை வழக்கு, இங்கே எடுபடாது" என்று இதைத் தள்ளுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது. தமிழில் ஒரு பகுதி மக்கள் வகுப்பறையில் புழங்கித் தேய்த்துப் பதப்படுத்திய சொல் கையில் இருக்கும்போது, வேறொன்றை ஏன் தேட வேண்டும்? பழைய தமிழில் முறை என்பதற்கு நீதி என்ற பொருளும் உண்டு, முறைசெய்தல் என்றால் நீதி வழங்குதல். பொது முடிவுகளுக்கு உதவுகிற ஒன்றின் பெயரில் அந்தச் சொல் இருப்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இனி 'புவியியல்'. இயல் என்று முடிந்தால் அது ஒரு படிப்பு. வேதியியல், உயிரியல், புவியியல். 'புவியியல் தகவல்' என்றால் அந்தப் பாடத்தைப் பற்றிய தகவல் என்றுதான் காது கேட்கும். ஆனால் இந்த முறைமைக்குள் இருப்பவை எவை? தடுப்பூசி போடாத குழந்தைகள் இருக்கும் வீடுகள், பழுதான தெருவிளக்குகள், விபத்து நடந்த திருப்பங்கள். இவை புவியியல் பாடம் இல்லை, இடம் குறிக்கப்பட்ட தகவல்கள். அதற்கு 'புவிசார்' போதும். புவிசார் குறியீடு, புவிசார் அரசியல் என்று செய்திகளில் ஏற்கெனவே பழகிய முன்னொட்டு. 'புவி' வடமொழி என்று மறுப்பவர்கள் 'நிலத்தகவல் முறைமை' என்கிறார்கள். எனக்கும் அந்த ஓசை பிடிக்கும். ஆனால் நில உடைமை, அளவை எல்லை, பதிவு ஆகியவற்றுக்கென்று தனியாக ஒரு முறைமை உலகெங்கும் இருக்கிறது. நிலத்தகவல் என்ற பெயர் அதற்குத்தான் உரியது. தூய்மைக்காக இரண்டையும் ஒன்றாக்கினால் தெளிவு போய்விடும். தூய்மையும் தெளிவும் மோதினால் நான் தெளிவின் பக்கம்.

சிலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 'டிஜிட்டல் வரைபடம்' என்று எழுதிவிடுகிறார்கள். இது இன்னொரு வகைத் தவறு. 1854இல் லண்டன் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ வரைபடத்தில் சாவுகளைக் குறித்தார், பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் கண்டார், குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது என்று கதை சொல்வார்கள். ஆனால் கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8. புகழ்பெற்ற அந்த வரைபடம் வெளியானது அதற்குப் பிறகு. கைப்பிடியைக் கழற்றவைத்தது அவர் வீடுவீடாகப் போய்க் கேட்டறிந்த விவரம். குழாய்க்கு அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதி ஒன்றில் 535 பேர் இருந்தும் காலராவில் இறந்தவர்கள் 5 பேர்தான். ஏனென்றால் விடுதிக்குள்ளேயே கிணறு இருந்தது. வெறும் புள்ளிகளைப் பார்த்திருந்தால் அந்த இடம் அவர் கருத்துக்கு எதிரான சான்றாகவே தெரிந்திருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற இன்னோர் அடுக்கை, அதாவது அதே இடங்களைப் பற்றிய இன்னொரு வகைத் தகவலை, மேலே சேர்த்தபோதுதான் அதுவே ஆதரவான சான்றாயிற்று. பின்னால் வரைபடத்தைத் திருத்தியபோது, பிராட் தெருக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் சம தூரத்தில் உள்ள இடங்களை இணைத்து ஒரு கோடும் போட்டார். அந்தத் தூரத்தை நேர்கோட்டில் எடுக்காமல், மனிதர்கள் நடந்துபோகிற தெருவழியே அளந்தார். கணினி வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே இந்த முறைமையின் உயிர் இதில் இருக்கிறது. 'வரைபடம்' என்று மட்டும் சொன்னால் இந்த உயிர் விட்டுப்போகிறது.

தெருவழியா, நேர்கோடா என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு மருத்துவமனையைச் சுற்றி 5 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணினால் ஒரு விடை வரும். நடுவே ஆறு ஓடி, பாலம் தொலைவில் இருந்தால், அக்கரையில் இருப்பவர்கள் கணக்கில் உள்ளே, வாழ்க்கையில் வெளியே. சாலை அடுக்கைச் சேர்த்துக் கணக்கிட்டால் விடை மாறும். மழைக்காலத்தில் மூழ்கும் சாலைகளை நீக்கினால் மறுபடியும் மாறும். அதனால் ஒரு பொது அறிவிப்பில் எழுத வேண்டியது இப்படி: "மக்கள்தொகை, சாலை, வெள்ளப்பகுதி ஆகிய மூன்று அடுக்குகளைப் புவிசார் தகவல் முறைமையில் சேர்த்து, சாலைவழித் தூரத்தைக் கணக்கிட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்." இப்போது படிப்பவர் கேட்கலாம்: மக்கள்தொகை எந்த ஆண்டுக் கணக்கு? வெள்ளப்பகுதியை யார் குறித்தார்கள்? எங்கள் தெரு அந்தச் சாலை அடுக்கில் இருக்கிறதா? 'அமைப்பின் உதவியுடன்' என்ற வாக்கியத்தில் இந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை.

துறையின் மற்றச் சொற்களும் இதே கதிதான். 'ஸ்பேஷியல் டேட்டா' என்பதை 'விண்வெளித் தரவு' என்று பெயர்த்திருப்பதை நிறையப் பார்க்கிறேன். 'ஸ்பேஸ்' என்றதும் ராக்கெட் நினைவுக்கு வந்துவிடுகிறது. இந்தத் துறையில் செயற்கைக்கோள் படமும் புழங்குவதால் தவறு கண்ணில் படாமலே தப்பிவிடுகிறது. அது இடஞ்சார் தரவு. 'வெக்டர்' என்பதை 'திசையன்' என்கிறார்கள். இயற்பியலில் அது மிகச் சரியான சொல். இங்கே வெக்டர் தரவு என்பது புள்ளி, கோடு, பல்கோணம் ஆகியவற்றால் இடத்தைக் குறிப்பது. ஒரு குளத்தின் கரையைப் பல்கோணமாக வரைந்தால் அதில் என்ன திசை இருக்கிறது? பொது சுகாதாரத்தில் வெக்டர் என்றால் நோயைக் கடத்தும் கொசு, உண்ணி. ஒரே அறிக்கையில் இரண்டும் வரும்போது 'திசையன் பரப்பும் நோய்' என்று மொழிபெயர்ப்பு மென்பொருள் எழுதினால், அதைச் சரிபார்க்கிறவர் விழித்திருக்க வேண்டும். வெக்டருக்குக் கோட்டுருத் தரவு, இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் குறிக்கும் ராஸ்டருக்குக் கட்டத் தரவு என்று வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லையா, வெக்டர், ராஸ்டர் என்றே எழுதுங்கள். தவறான தமிழைவிடக் கடன்சொல் எவ்வளவோ மேல்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது 'முடிவு ஆதரவு அமைப்பு'. முடிவெடுப்பவர்களுக்கு உதவும் கணினி முறைமைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'டிசிஷன் சப்போர்ட் சிஸ்டம்' என்ற பொதுப்பெயரை ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்து வைத்தது. தமிழில் ஒரு முடிவுக்கு ஆதரவு என்றால், எடுத்த முடிவை ஏற்று அதன் பின்னால் நிற்பது. முடிவுக்கு முன்னால் வர வேண்டிய உதவி, முடிவுக்குப் பின்னால் வரும் சப்பைக்கட்டாக மாறிவிடுகிறது. இடத்தை முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கு ஏற்ற அடுக்குகளை மட்டும் தேடிச் சேர்ப்பது இந்தத் துறையில் உண்மையாகவே உள்ள ஆபத்து. அந்தத் தவறையே கருவியின் பெயராக வைக்கலாமா? 'முடிவெடுப்புத் துணை முறைமை' என்றால் குழப்பம் தீரும். இலங்கையில் 'தீர்மானம் எடுத்தல்' என்பார்கள். தமிழ்நாட்டில் தீர்மானம் என்றதும் கூட்டத்தில் நிறைவேற்றுவது நினைவுக்கு வருவதால், இங்கே 'முடிவெடுப்பு' நல்லது, அங்கே 'தீர்மானம்' நல்லது. இரண்டையும் அடித்து ஒன்றாக்க வேண்டியதில்லை.

சுருக்கம் பற்றியும் கேட்பார்கள். பு.த.மு. என்று வைப்பதால் யாருக்கும் எதுவும் விளங்கப்போவதில்லை. பேச்சில் ஜிஐஎஸ் என்றே சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எழுதும்போது முதல் இடத்தில் 'புவிசார் தகவல் முறைமை' என்று முழுதாக எழுதி, அதன்பிறகு ஜிஐஎஸ் என்றோ வெறுமனே 'முறைமை' என்றோ தொடரலாம்.