ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள்

மறுபடியும் ஒரு மாருதி 800 கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பாலித்தீன் பையில் உதிரி உதிரியாகப் பட்டறைக்கு வந்திருக்கிறது. செலவைக் குறைக்கலாம் என்று வண்டிக்காரர் வீட்டிலேயே கழற்றிச் சுத்தம் செய்திருக்கிறார். அதில் எனக்கு வருத்தமே இல்லை, பொறுமை உள்ள யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை போட்ட குட்டித் திருகை, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகவே இல்லை, ஓரமெல்லாம் கீறல். "அடைப்பு இருந்துச்சு, ஊசியை விட்டு எடுத்தேன்" என்கிறார். இந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜெட் பித்தளையில் செய்தது. ஊசியும் சேஃப்டி பின்னும் ஸ்டீல். ஸ்டீல் உள்ளே போய் வந்தால் பித்தளைதான் தேயும். சொலெக்ஸ் கார்புரேட்டர் ஜெட்டில் 100 என்று அடித்திருந்தால் துளை சரியாக 1 மில்லிமீட்டர் என்று அர்த்தம், 105 என்றால் 1.05 மில்லிமீட்டர். அதாவது இருபதில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கே தனி ஜெட் போட்டு விற்கிறார்கள். நீங்கள் ஊசியால் குடைந்து 1 மில்லிமீட்டரை 1.1 ஆக்கிவிட்டால் விட்டம் பத்து சதவீதம்தான் கூடியிருக்கும், ஆனால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். அந்த அளவுக்கு பெட்ரோலும் கூடப் போகும். பிளக் கரியாகும், சைலன்சரில் கறுப்புப் புகை வரும், மைலேஜ் விழும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு போய் என்ஜின் ஆயிலில் கலக்கும். துளை பெரிசானால் பிக்கப் கூடும் என்று யாரோ சொல்லி வேண்டுமென்றே குடைகிறவர்களும் இருக்கிறார்கள். கூடாது. காற்று அதே அளவுதான் வருகிறது, பெட்ரோலை மட்டும் கூட ஊற்றினால் பிக்கப் எங்கிருந்து வரும்? செப்பு வயரின் ஒற்றை இழை பரவாயில்லையா என்று கேட்பார்கள். ஸ்டீலுக்கு அது மேல்தான், இருந்தாலும் தேவையில்லை. ஜெட்டில் அடைத்திருப்பது பெரும்பாலும் மண் இல்லை. பெட்ரோல் வற்றிப் படிந்த பிசின். அதைக் கரைக்கத்தான் வேண்டும், குடையக் கூடாது. கார்ப் கிளீனரில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, காற்று அடித்து, வெளிச்சத்தில் பாருங்கள். அப்படியும் போகவில்லையா, மெல்லிய தூண்டில் நைலான் நரம்பை விட்டு எடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் அதே நம்பரில் புது ஜெட் வாங்குங்கள்.

சரி, அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கோளாறு கார்புரேட்டரில்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? வண்டி மிஸ்ஸிங் அடித்தால் முதலில் பிளக், பாயின்ட் (பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சுவிட்ச்), ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் டெலிவரி, வாக்குவம் குழாய் எல்லாம் பாருங்கள். இதற்கெல்லாம் காசே ஆகாது. சோக் கேபிள் பாதியில் மாட்டி நின்றதால் புகை விட்ட வண்டியின் கார்புரேட்டரை முழுசாகப் பிரித்து எடுத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்கிறதுதான் என்று முடிவு செய்துவிட்டால், ரிப்பேர் கிட்டை வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கழற்றுங்கள். உதிரிபாகக் கடைகளுக்கு, சென்னையில் இருப்பவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. பழைய கார்புரேட்டரில் அடித்திருக்கும் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். எத்தனால் பெட்ரோலைத் தாங்கும் ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய காலத்து டயாப்ரமும் (ரப்பர் சவ்வு) ஓரிங்கும் (ரப்பர் வளையம்) அதில் ஊதி மெத்தென்று ஆகிவிடுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் நிறுத்தியே வைத்திருக்கும் வண்டிகளில் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்துக்குள் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்.

கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுங்கள், ஜெட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வையுங்கள். வாய் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் ஜெட்டைத் தொடாதீர்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் திருகு) முதலில் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு அப்புறம் எடுங்கள். உட்கார்ந்த பிறகும் இறுக்கினால் முனையில் வளையம் விழுந்துவிடும், அதற்கப்புறம் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது என்ஜின் மெதுவாக ஓடுவது) சீராக இருக்காது. பட்டர்ஃப்ளை தகட்டின் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்று வழியைத் திறக்கும் தகடு) இரண்டு குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றவே வேண்டாம். அவற்றின் வாலைத் தட்டி மடக்கியிருப்பார்கள். கழற்றிவிட்டுச் சும்மா முடுக்கினால் ஒருநாள் லூசாகி என்ஜினுக்குள் விழும்.

காற்று அடிக்க பஞ்சர் கடைக்குப் போவதாக இருந்தால் ப்ளோட் (கிண்ணத்தில் மிதக்கும் மிதவை), நீடில் வால்வு (கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஊசி அடைப்பான்), டயாப்ரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் போங்கள். பித்தளை ப்ளோட்டை வெந்நீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். அந்த ஓட்டையை சால்டர் வைத்து அடைக்க நீங்களே உட்காராதீர்கள், உள்ளே தங்கிய பெட்ரோல் சூட்டில் வெடிக்கும். பேக்கிங் உட்காரும் முகம் வளைந்திருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பர் வைத்து மெதுவாகத் தேய்த்துச் சமமாக்குங்கள். சிலிக்கான் பேஸ்ட் மட்டும் தடவாதீர்கள், பெட்ரோல் பட்டால் அது நார் நாராக உரிந்து நீங்கள் இப்போதுதான் சுத்தம் செய்த அதே ஜெட்டில் போய் அடைக்கும். த்ராட்டில் ஷாஃப்டை (பட்டர்ஃப்ளை தகட்டைத் தாங்கும் தண்டு) விரலால் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் எந்தக் கிட்டும் சரி செய்யாது, லேத்தில் கொடுத்து புஷ் போட வேண்டும்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து வேகமாகப் படித்துக் கடந்து போகாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், அடுத்த அறையில் இருக்கும் அடுப்பையோ பூஜை விளக்கையோ தேடிப் போய்ப் பிடிக்கும். சமையலறையிலும் பாத்ரூமிலும் அடைத்த பால்கனியிலும் கார்புரேட்டர் கழுவாதீர்கள். வெளி அழுக்குக்கு டீசல் போதும். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பக்கத்தில் மணல் வாளியோ பவுடர் அணைப்பானோ இருக்கட்டும், பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். டேங்கிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சாதீர்கள். ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் போதும், நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வண்டி ஸ்டார்ட் ஆக கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஒருவர் சாவி போட இன்னொருவர் குனிந்து பார்ப்பதை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பேக்ஃபயர் அடித்தால் தீ நேராக முகத்துக்குத்தான் வரும். புருவம் கருகி, கையில் கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு முதலுதவி செய்து அனுப்பியிருக்கிறேன்.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்யாமல், பம்பில் கை லீவர் இருந்தால் அடித்துக் கிண்ணத்தை நிரப்பி, எங்கேயாவது கசிகிறதா என்று துடைத்துத் துடைத்துப் பாருங்கள். ஓவர்ஃப்ளோ ஆனால் வண்டியைத் தொடாதீர்கள், நீடில் வால்வு உட்காரவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, என்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை இளம் பழுப்பாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே ஜெட்டுக்குள் கம்பி விட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெக்கானிக்கிடம் போகும்போது அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் திட்டுவோம்தான். ஆனால் சொல்லாவிட்டால் பாயின்ட், பிளக், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம், அதற்கெல்லாம் காசு உங்களுடையது. சொன்னால் முதலில் ஜெட்டைத்தான் மாற்றுவோம்.