உல்குலான்: பிர்சா முண்டா நடத்திய பேரெழுச்சி

உல்குலான் என்பது முண்டா பழங்குடியினர் பேசும் முண்டாரி மொழிச் சொல். நேர்பொருள் பெருங்கொந்தளிப்பு. இன்றைய ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் மலைக்காடுகளில் 1899 டிசம்பர் கடைசியில் பிர்சா முண்டா தலைமையில் மூண்ட விடுதலைப் போர் இந்தப் பெயரால்தான் அறியப்படுகிறது. முண்டாரி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்து மொழி, தமிழோடு உறவில்லாதது. அதே மலைகளில் முண்டாக்களின் அண்டை வீட்டாரான ஒராவோன் மக்கள் பேசும் குடுக் மொழிதான் திராவிட மொழி, நமக்கு உறவு.

இந்தச் சொல்லுக்கு அடியில் கிடப்பது நிலம். காட்டைத் திருத்திய குலத்தார் அனைவருக்கும் அந்த நிலம் பொதுவில் சொந்தம் என்பது முண்டாக்களின் 'கூண்ட்கட்டி' முறை. முன்னோரின் எலும்புகளைப் புதைத்து, மேலே பெரிய கற்பலகையைக் கிடத்துவார்கள். 'சசந்திரி' எனப்படும் அந்தக் கல்தான் முண்டாவின் பட்டா என்று அவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. நாம் அன்றாடம் சொல்லும் அதே பட்டாதான். பிரிட்டிஷ் நீதிமன்றமோ காகிதம் கேட்டது. காகிதம் வைத்திருந்தவர்கள், 'திக்கு' என்று முண்டாக்கள் அழைத்த வெளியாட்களான ஜமீன்தார்களும் வட்டிக்காரர்களும். சொந்த நிலத்திலேயே முண்டாக்கள் கூலியில்லாத 'பேகாரி' வேலை செய்ய நேர்ந்தது.

பிர்சா 1875 நவம்பர் 15 அன்று உலிஹாத்துவில் பிறந்தவர். சாய்பாசா மிஷன் பள்ளியில் சில காலம் படித்து, பிறகு மிஷனை விட்டு விலகினார். 1895-இல் அவர் பேச்சைக் கேட்க ஊர் ஊராக மக்கள் திரண்டபோது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. 'தர்த்தி ஆபா', மண்ணின் தந்தை, என்று அவரை அழைத்தார்கள். அரசு அவரை இரண்டாண்டுச் சிறைக்கு அனுப்பியது. வெளியே வந்தவர் இன்னும் உறுதியோடு வந்தார். மகாராணியின் ஆட்சி முடியட்டும், நம் ஆட்சி தொடங்கட்டும் என்பதே முழக்கம். வில்லும் அம்பும் கோடரியும் ஏந்தி, காவல் நிலையங்களையும் மிஷன் கட்டடங்களையும் தாக்கினார்கள். 1900 ஜனவரி 9 அன்று டோம்பாரி மலைப்பகுதியில் கூடியிருந்தவர்கள் மீது படை சுட்டது. பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். பிர்சாவின் தலைக்கு 500 ரூபாய் விலை வைக்கப்பட்டது. சில வாரங்களில் சக்ரதர்பூர் பக்கத்துக் காட்டில் பிடிபட்டார். ஜூன் 9 அன்று, விசாரணை முடியும் முன்பே, ராஞ்சி சிறையில் இறந்தார். காலரா என்றது அரசு. நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது இன்றுவரை அம்மக்களின் நம்பிக்கை. 25 வயதைத் தொடாத, திடமான இளைஞரைச் சிறைக்குள் வைத்திருந்தவர்கள் அந்தச் சாவுக்குப் பொறுப்பில்லை என்று சொல்ல என்னால் முடியாது.

1908-இல் வந்த சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் பழங்குடியினரின் நிலம் வெளியாட்களுக்குக் கைமாறுவதைக் கட்டுப்படுத்தியது. கூண்ட்கட்டி உரிமையும் ஏட்டில் ஏறியது.

இனி, உல்குலானைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'கலகம்' என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது சுட்டவனின் குறிப்பேட்டில் இருக்கும் சொல். 'கிளர்ச்சி' நல்ல சொல்தான், ஆனால் ஒரு நாள் ஆர்ப்பாட்டத்துக்கும் அதையே எழுதித் தேய்த்துவிட்டோம். 'புரட்சி' என்றால் இருப்பதைப் புரட்டிப் போடுவது. முண்டாக்கள் கேட்டதோ பறிபோன பழைய உரிமை. 'கொந்தளிப்பு' நேர்பொருளுக்கு நெருக்கமானது, ஆனால் அதில் வேகம் தெரிகிறது, நோக்கம் தெரியவில்லை. 'பேரெழுச்சி' பொருந்துகிறது: பலர் சேர்ந்து எழுந்ததும், எதற்காகவோ எழுந்ததும் அதில் இருக்கின்றன. பாடநூலிலும் செய்தியிலும் முதல் முறை 'உல்குலான் என்னும் பேரெழுச்சி' என்று எழுதிவிட்டு, பிறகு உல்குலான் என்றே தொடரலாம். நீர், காடு, நிலம் கேட்டு ஜார்க்கண்டில் இன்று நடக்கும் போராட்டங்களிலும் அந்தச் சொல்லைத்தான் முழங்குகிறார்கள்.